நான் கூப்பிடாத குரல்

ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை பெற்றோர் கூட்டம் நடக்கும். ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் முறை வரும்போதெல்லாம் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. கல்யாண வீட்டில்கூட மொய் எழுதிவிட்டுப் பின்பக்கமாக வந்துவிடுகிற ஆள் நான். ஒருநாள் என் மகளைப் பார்க்கிற டாக்டரம்மா, "பேச வரலைன்னா எழுதிக் குடுங்களேன், புதுசா வர்றவங்களுக்குப் படிக்கக் குடுக்கலாம்" என்றார். முன்பு ஒருமுறை அவருக்கு நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை நினைத்துத்தான் கேட்டிருப்பார். பத்தாவது வரை படித்தவன். தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மரக்காணம். குத்தகைக்கு எடுத்த சில பாத்திகளில் நானும் என் மனைவி அஞ்சலையும் உப்பு எடுக்கிறோம். எங்களுக்கு ஒரே மகள், மலர்விழி. 2004 கோடையில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை எங்களோடு உப்பளத்துக்கு வந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது.

உப்பளத்தில் வேலை செய்யாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மத்தியான வெயிலில் அந்த வெள்ளை கண்ணை அடிக்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் தெரியும். வரப்பில் ஆள் நிற்பது போலிருக்கும், கிட்டே போனால் உப்புக் குவியல். காற்று எதிர்த்து அடித்தால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலவும் கேட்கும். இது எல்லாருக்கும் உண்டு. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. கூப்பிடாத குரலைக் கேட்டு ஒருவர் வரப்பைத் தாண்டி வந்து "கூப்ட்டியா?" என்று கேட்டால், இல்லை என்று சொல்லக்கூடாது. சொன்னால், கூப்பிட்டது வேறு எதுவோ என்றாகிவிடும். வந்தவர் மனதில் பயம் தங்கிவிடும். "ஆமா, நான்தான் கூப்ட்டேன், தண்ணி குடு" என்று சொல்லி, வாங்கி ஒரு வாய் குடித்துவிட வேண்டும். தாகம் இல்லாவிட்டாலும் குடிக்க வேண்டும். அதோடு அது கழிந்துவிடும்.

மலர் முதல்முறை நாலு பாத்தி தள்ளியிருந்து வந்து, "கூப்ட்டியாப்பா?" என்று கேட்டபோது நானும் அதைத்தான் செய்தேன்.

"ஆமாம்மா. தண்ணி குடு."

அஞ்சலை பக்கத்தில் உப்பை வாரிக்கொண்டிருந்தாள். "இப்பதான குடிச்ச? வயிறா அது, ஏரியா?" என்றாள். அவளுக்கு விஷயம் தெரியும். சிரித்தாள். மலரும் சிரித்தாள்.

ஒரு வாரத்தில் அது ஒரு நாளைக்கு மூன்று முறை, நாலு முறை என்றானது. ஒவ்வொரு முறையும் நான் குடித்தேன். பிறகு நான் கேட்பதற்கு முன்னாலேயே அவள் பாட்டிலை நீட்ட ஆரம்பித்தாள். ஒருநாள் நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்ப்பா, கூப்புடுறத சத்தமா கூப்புடேன். காதுகிட்ட வந்து முணுமுணுன்னு கூப்புடுற" என்றாள்.

அவள் அந்தக் குரலைக் கேட்ட நேரத்தில் நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். நடுவில் நாலு பாத்தி தூரம். வாயிலிருந்த தண்ணீரை விழுங்கினேன். "சரிம்மா" என்றேன்.

ரிசல்ட் நன்றாகவே வந்தது. திண்டிவனத்தில் கல்லூரியில் சேர்த்தோம். தீபாவளிக்குள் அவள் வேறு ஆளாகியிருந்தாள். தலை வாருவதில்லை. சாப்பாட்டில் பாதி தட்டிலேயே இருக்கும். பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்ப்பாள். பஸ்ஸில் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று சொல்லி ஒரு வாரம் கல்லூரிக்குப் போகவில்லை. காதில் கோளாறாக இருக்கும் என்று நினைத்துக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். காது நன்றாக இருக்கிறது என்றார். அதைக் கேட்டு நானும் அஞ்சலையும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். அன்றைக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வருடக் கடைசியில் கடல் உள்ளே வந்தது. எங்கள் வரப்புகள் எல்லாம் போயின. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஊரில் யாருமே பழைய ஆளாக இல்லை. பாத்திரம் விழுந்தால் பிள்ளைகள் ஓடுவார்கள். பெரியவர்கள் கடல் பக்கம் திரும்பவே மாட்டார்கள். மலர் வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்தினாள். "கடல் எம்பேரச் சொல்லுது" என்றாள். ஊரில் ஒருவருக்கும் அது அதிசயமாகத் தெரியவில்லை. "எம்புள்ளயும் அப்படித்தான் தூக்கத்துல கத்துது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முகாம் போட்டிருந்த டாக்டர்களில் ஒருவர் மட்டும் மலரிடம் ரொம்ப நேரம் பேசிவிட்டு, புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மனநலப் பிரிவு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அஞ்சலையின் அண்ணன் கோவிந்தன் பொம்மையார்பாளையத்தில் இருக்கிறார். புதுச்சேரிக்குப் போகிற வழிதான். தன் மகனுக்கு மலரைக் கேட்டிருந்தார். சீட்டைப் பார்த்துவிட்டு, "கடல் பயம் மாப்ள, வேற ஒண்ணுமில்ல. மனநலம் கினநலம்னு ஊர்ல வாய விட்டுடாத" என்றார். ஆனாலும் கூடவே வந்தார்.

அங்கே காத்திருக்கும் கூடம் நீளமானது. சுவரோரம் பெஞ்சுகள். ஒரு நர்ஸ் வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுவார். ஒரு மணி நேரம் கழித்து "மலர்விழி" என்றார். மலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறையும் கூப்பிட்டார். நான் எழுந்தேன். "இங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. கோவிந்தன் டீ குடிக்கப் போயிருந்தார். எங்கள் ஃபைல் அடியில் போய்விட்டது.

"காதுல விழலையாம்மா?" என்று கேட்டேன்.

"விழுந்துச்சு. நெஜமா கூப்ட்டாங்களான்னு தெரியல."

அன்றுதான் நான் உண்மையாகப் பயந்தேன்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். முதலில் வேறு வியாதி இல்லை என்று பார்க்க வேண்டும் என்றார். ரத்தம் எடுத்தார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஈ.ஈ.ஜி. என்று ஒன்று. தலையில் பசை வைத்து மெல்லிய வயர்களை ஒட்டி, மூளையில் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக எடுப்பது. வலி கிடையாது. ஷாக் வைக்கிறார்கள் என்று நினைத்து அஞ்சலை வெளியில் அழுதுகொண்டிருந்தாள். அப்படி இல்லை என்று இதைப் படிப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். பசைதான் தலையில் ஒட்டிக்கொள்ளும். அன்று கோவிந்தன் வீட்டில் அவர் மனைவி சீயக்காய் போட்டு மலருக்குத் தலை அலசிவிட்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாக இருந்தது. பிறகு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இல்லாத குரல் கேட்பதும், அது நிஜம்தான் என்று அசைக்க முடியாமல் நம்புவதும் ஒரு நோய். மனச்சிதைவு என்பார்கள். அது பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. பல மாதம், சில வருடம்கூட ஆளை அதன் வாசலில் நிறுத்தி வைத்திருக்கும். குரல் கேட்கும், ஆனால் நிஜமா இல்லையா என்ற சந்தேகம் அவர்களுக்கு இருக்கும். அந்தச் சந்தேகம் இருக்கும்வரை அவர்கள் வாசலில்தான் இருக்கிறார்கள்.

"அந்த மாதிரி வாசல்ல நிக்கற சின்ன வயசுப் பிள்ளைங்களப் பத்தித்தான் இங்க ஆராய்ச்சி பண்றோம். சிலர் உள்ள போயிடறாங்க. நிறைய பேர் திரும்பி வந்துடறாங்க. யார் போவாங்க, யார் திரும்புவாங்கன்னு எங்களுக்கு இன்னும் சரியாத் தெரியல. தெரிஞ்சா முன்னாடியே கைபிடிக்கலாம்."

கோவிந்தன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "ஆராய்ச்சின்னா? எலிக்குப் பண்றத எங்க பொண்ணுக்குப் பண்ணுவீங்களா?"

"எலிகிட்ட நாங்க கையெழுத்து வாங்கறதில்லங்க" என்றார் டாக்டரம்மா. "கேள்வி கேப்போம். மாசாமாசம் பாப்போம். வேணாம்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம். வைத்தியம் நிக்காது."

மலருக்குச் சிரிப்பு வந்தது. பல வாரம் கழித்து அவள் பல் தெரிந்தது.

மலர் அந்த ஆராய்ச்சியில் சேர வேண்டியவளா என்று பார்ப்பதற்கே ஒரு கேள்விப் புத்தகம் இருந்தது. எப்போது ஆரம்பித்தது, எத்தனை முறை, எவ்வளவு உறுதியாக நம்புகிறாய் என்று ஒவ்வொன்றாகப் போகும். நாங்கள் பக்கத்தில் இருக்கட்டும் என்று மலரே சொன்னாள்.

"குரல் எப்ப ஆரம்பிச்சுது?"

"கடல் வந்தப்புறம்."

"அதுக்கு முன்னாடி யாரும் இல்லாம பேர் கேட்டிருக்கா?"

"இல்ல. அளத்துல கேக்கும், அது அப்பா. நான் ஒவ்வொரு தடவையும் போயிக் கேட்டுருக்கேன். எப்பவும் அப்பாதான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "அப்படிங்களா?"

ஒரு பக்கம் கோவிந்தன். இன்னொரு பக்கம் மலர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சந்தேகமே இல்லாமல். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் எழுதிக்கொண்டார். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் பயமாக இருக்கலாம், இரண்டு மாதம்தானே ஆகிறது, தானாகவே குறையலாம் என்றார். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்து ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்று கோவிந்தன் எங்கள் எல்லாருக்கும் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். என்னுடையதை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. நான் நிவாரண விஷயமாகத் தாலுகா ஆபீசில் நின்றிருந்தேன். அஞ்சலை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மலர் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். வரப்பு இல்லாத அளத்தில் நடந்து, அதைத் தாண்டி, உப்பங்கழிக்குள் இறங்கியிருக்கிறாள். அங்கே வலை போட்டுக்கொண்டிருந்தவர் பார்த்தபோது கழுத்தளவு தண்ணீரில் பாட்டிலைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாளாம். அவர்தான் இழுத்துக் கரையேற்றிக் கூட்டிவந்தார்.

நான் வந்தபோது ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். காலெல்லாம் கிளிஞ்சல் கிழித்திருந்தது. பாட்டில் கையிலேயே இருந்தது.

"எங்கப்பா போன? நீதான கூப்ட்ட. தண்ணி கேட்டியே."

அன்று நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கால்களைத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். எட்டு நாள் இருந்தோம். பெண்கள் வார்டில் அஞ்சலை அவளோடு இருந்தாள். எனக்குப் பகலில் மட்டும் அனுமதி. அந்த வார்டில் வருடக்கணக்காக நோயோடு இருக்கிறவர்களும் இருந்தார்கள். ஓர் அம்மா ஜன்னலோடு பேசிக்கொண்டே இருப்பார். நடுவில் நிறுத்தி, "சாப்ட்டியா தம்பி?" என்று என்னைக் கேட்பார். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, நம்ம புள்ளயும்..." என்று ஆரம்பிப்பாள். முடிக்க மாட்டாள்.

கோவிந்தன் தினமும் காலையில் டிவிஎஸ் வண்டியில் இட்லி கொண்டுவருவார். மூன்று நாள் வார்டுக்குள் வரவில்லை, வாட்ச்மேனிடம் தூக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நாலாம் நாள் உள்ளே வந்தார். அந்த ஜன்னல் அம்மா அவரையும் சாப்பிட்டாயா என்று கேட்டார். "இல்லம்மா" என்றார். அந்த அம்மா தன் தட்டிலிருந்து பன்னில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். கோவிந்தன் நின்றபடியே அதைத் தின்றார். பிறகு தினமும் உள்ளே வந்தார். கல்யாணப் பேச்சை மட்டும் அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நான் டாக்டரம்மாவின் அறை வாசல்வரை போனேன். கதவு திறந்தேதான் இருந்தது. அவர் நிமிர்ந்து "என்னங்க?" என்பார். "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். அவர் மருந்தை யோசிப்பது நான் தலையாட்டிய பதிலை வைத்துத்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் கடையில் கோடுபோட்ட தாள் ஒன்று வாங்கி, மரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன்.

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். அன்று நான் தலையாட்டியது பொய். போன கோடையில் மலர் கேட்ட குரல் என்னுடையது இல்லை. நான் கூப்பிடவில்லை. எங்கள் அளத்தில் இல்லை என்று சொல்லும் வழக்கம் இல்லை. அதனால் ஆமாம் என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். தினமும் குடித்தேன். கடல் வருவதற்கு ஏழெட்டு மாதம் முன்பே இது ஆரம்பித்துவிட்டது."

அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"எத்தன தடவ இருக்கும்?"

"தெரியலம்மா. கோடை முழுக்க."

திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியைக் காட்டினார். "இத வச்சுப் பாத்தா படமே மாறுதுங்க. இது கடல் பயம் இல்ல. மெதுவா ஆரம்பிச்சு ஏறிட்டு வருது. மலர் நாங்க தேடற ஆளுங்கள்ல ஒருத்தி. வாசல்ல, உள்ள போறதுக்கு ரொம்பக் கிட்ட நிக்கிறா." தாளை மடித்து ஃபைலில் வைத்தார். "அவ ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட வந்து கேட்டிருக்கா. அது எவ்ளோ நல்ல பழக்கம் தெரியுமா? நெஜமா பொய்யான்னு சரி பாக்க அவளுக்கு இருந்த ஒரே ஆள் நீங்க. இத நீங்கதான் அவகிட்ட சொல்லணும்."

"நீங்களே சொல்லிடுங்கம்மா."

"நான் சொன்னா டாக்டர் சொன்னதா இருக்கும்."

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் உறுதியாகத் தெரியாது. காலுக்கடியில் இருக்கும் பலகையை உருவுவது போல ஆகிவிட்டால்? நானே அவளை உள்ளே தள்ளியவன் ஆகிவிட்டால்? "நானும் கூட இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலம் வார்டுக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் மலர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா கொஞ்சம் தள்ளி நின்றார்.

"மலரு. போன கோடையில அளத்துல நான் உன்ன கூப்புடலம்மா."

அவள் திரும்பினாள். "ஒரு தடவகூடவா?"

"ரெண்டு மூணு தடவ நெஜமாக் கூப்ட்டிருப்பேன். மீதியெல்லாம் இல்ல."

"அப்ப அவ்ளோ தண்ணிய ஏம்ப்பா குடிச்ச?"

"நீ பயந்துடக்கூடாதுன்னு."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. நர்ஸ் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. அந்த இரண்டு நாளும் நான் அந்தச் சிமெண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக அவள் முதுகு மட்டும் தெரியும். நான் செய்தது சரிதானா என்று கேட்கக்கூட எனக்கு ஆள் இல்லை.

அதற்கடுத்த நாள் காலை டாக்டரம்மா கேள்விப் புத்தகத்தோடு வந்து மறுபடி முதலிலிருந்து கேட்டார். மலர் பதில் சொன்னாள். நான் வாசலில் நின்று கேட்டேன்.

"அந்தக் குரல் நெஜம்னு எவ்ளோ உறுதியா நம்புற?"

"அளத்துல தண்ணி மாதிரி தெரியும்ல மேடம். தண்ணி இல்லன்னு நமக்குத் தெரியும். இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அது மாதிரிதான். சில நாள் மட்டும் தண்ணி இல்லன்னு தெரியாமப் போயிடுது."

அந்தச் சில நாட்களைக் குறைப்பதுதான் வைத்தியம் என்று டாக்டரம்மா பிறகு எனக்கு விளக்கினார். இப்படி இருக்கிற எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. தண்ணீரில் இறங்கிவிட்டதால் மலருக்குக் குறைந்த அளவில் கொஞ்ச நாள் கொடுத்தார்கள். மற்றபடி சரியான நேரத்தில் தூக்கம், மாதம் ஒருமுறை பேச்சு, வீட்டில் ஒரு சட்டம். குரல் காதில் விழுந்தால் மலர் எங்களிடம் வந்து கூப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சிக்கான ஒப்புதல் தாளில் மலர் ஒரு கையெழுத்துப் போட்டாள், நான் ஒன்று போட்டேன்.

அந்தச் சட்டம் அஞ்சலைக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்த முதல் வாரம், சமையல்கட்டில் இருந்தவளிடம் மலர் வந்து, "கூப்ட்டியாம்மா?" என்றாள். அஞ்சலை என்னைப் பார்த்தாள். "இல்லடி. நான் கூப்புடல" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மலர் "சரிம்மா" என்று போய்விட்டாள். நாங்கள் இருவரும் அன்று முழுவதும் அவள் பின்னாலேயே சுற்றினோம்.

மாத்திரையை 2005 கடைசியில் நிறுத்தினார்கள். கல்லூரிக்குப் போகாமல் தபாலில் படிக்கிறாள். வரப்புகளைத் திரும்பப் போட்டு உப்பு எடுக்கிறோம். மலரும் சில நாள் வருவாள், தொப்பி போட்டுக்கொண்டு. அளத்தில் மற்றவர்களுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். கூட்டத்தில் இல்லை, ஒவ்வொருவராகத் தனியாக. "எம்பொண்ணு வந்து கேட்டா உள்ளதச் சொல்லிடுங்க" என்று. முதலில் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். இப்போது சொல்லிவிடுகிறார்கள்.

அவள் திரும்பி வந்துவிட்டாளா என்று மாதாமாதம் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இன்னும் வாசல்லதான், ஆனா நாலடி தள்ளி" என்பார். ஒரு மாதம் ஐந்தடி என்றார். அதற்கடுத்த மாதம் மறுபடி மூன்று. ஆராய்ச்சி முடிந்தாலும் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறார்.

போன மாதம் போயிருந்தோம். அதே நீளமான கூடம். மலர் பாடப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் டீ குடிக்கப் போயிருந்தார், வாசலில் யாரும் இல்லை. மலர் சட்டென்று நிமிர்ந்து தலையைச் சாய்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கூப்ட்டாங்களா?"

"இல்லம்மா. யாரும் கூப்புடல."

"சரி."

பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே கையை நீட்டி, என்னிடமிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். அவளுக்குத் தாகமாக இருந்திருக்கும்.